பூனைகள் இழுக்கும் வண்டி

வால்பரைசோவில் எங்கள் குன்றுக்கு ஏற
நூற்று அறுபத்தெட்டுப் படிகள்,
அல்லது அம்மா.

முப்பத்தோரு வருடம்
விஞ்ச் வண்டியின் சீட்டுக் கூண்டில்
எதுவிஹிஸ் சல்தாஞ்யோ உட்கார்ந்திருந்தாள்.
கண்ணாடியில் ஒரு வட்ட ஓட்டை.
காசு உள்ளே போகும்,
சீட்டும் ஒரு கிண்டலும் வெளியே வரும்.
கிண்டலுக்குத் தனிக் கட்டணம் இல்லை.

எட்டு மணிப் பூசைக்கு எட்டேமுக்காலுக்கு
மூச்சிரைக்க வரும் பாதிரியாரிடம்
"கடவுள் இப்போதுதான் இறங்கிப் போனார், சாமி,
உங்களை விசாரித்தார்" என்பாள்.

வண்டி எதில் ஓடுகிறது என்று கேட்ட
ஜெர்மன்காரருக்கு
முகம் மாறாமல் பதில்:
"பலகைக்கு அடியில் நாற்பது பூனைகள்.
மேலே மீனைக் காட்டினால் ஏறும்,
நாயைக் காட்டினால் இறங்கும்."
அவர் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்.
பக்கத்தில் நின்ற என் மகன் அமாரோ
மனதில் எழுதிக்கொண்டான். நாலு வயது அவனுக்கு.
அதற்குப் பிறகு வெள்ளிதோறும்
எந்திர அறை வாசலில் ஒரு சூரைமீன் டப்பா.
திங்களன்று காலியாக இருக்கும்.
எங்கள் ஊரில் பூனைக்குப் பஞ்சமில்லை.

சீட்டாட்டத்தில் பேரனையே ஏமாற்றுவாள்.
பிடிபட்டால் கண் சரியில்லை என்பாள்.
அதே கண்ணுக்கு
எதிர்க் குன்றில் யார் வீட்டுக் கொடியில்
யாருடைய சட்டை காய்கிறது என்பது தெரியும்.

அப்பா வடக்கே செம்புச் சுரங்கத்துக்குப் போனவர்,
போனவர்தான்.
"ரொட்டி வாங்கப் போயிருக்கிறார்.
வரிசை நீளம் போல."
ஊர் சிரித்தது.
எனக்குப் பதினொரு வயது, எனக்குச் சிரிப்பு வரவில்லை.
ஒரு தடவையாவது அழேன் அம்மா என்று கத்தினேன்.
"அழலாம்தான். தண்ணி பில்லை யார் கட்டுவது?"

அந்த வருடமே பூமி ஆடியது.
விளக்கு ஊசலாட, தட்டுகள் தாமாகக் குதிக்க,
மேசைக்கடியில் நானும் அவளும்,
அவள் கையில் எதற்கோ ஒரு தேநீர்க் கெண்டி.
"பயப்படாதே. பூமிக்கு முதுகு அரிக்கிறது,
நம் வீட்டுச் சுவரில் தேய்த்துக்கொள்கிறது."
சிரித்தேன். சத்தியமாகச் சிரித்தேன்.
மறுநாள் சாக்ஸ் மாட்டும்போதுதான் பார்த்தேன்,
என் கணுக்காலில் நீலமாக நான்கு விரல்கள்.
ஒரு வாரம் இருந்தன.
அதைப் பற்றி நாங்கள் பேசிக்கொண்டதே இல்லை.

கடைசி வருடம்
எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் மாட்டிவிட்டுத்
தொண்டையைச் செருமினார் அந்த இளம் டாக்டர்.
"நான் சிரிக்கிற மாதிரி வேறொன்று எடுத்தீர்களா?"
அவர் வெளியே போய்
முகம் கழுவிக்கொண்டு வந்தார்.

சவப்பெட்டிக்குப் படிகள் தோதுப்படாது.
வண்டியில்தான் இறக்கினோம்.
அவள் கூண்டில் இப்போது பெலார்மீனோ.
தூக்குகிறவர்கள் ஆறு பேர், நான், அமாரோ.
ஒன்பது சீட்டு கிழித்தான்.
எட்டுத்தானே என்றேன்.
"கணக்கில் ஒன்று குறைந்தால்
அந்தம்மா என்னைச் சும்மா விடுமா?"
என்று மூக்கைத் துடைத்துக்கொண்டான்.

பாதி வழியில் வண்டி நின்றது.
வாரத்துக்கு இரண்டு முறை நிற்பதுதான்.
அன்று நின்றிருக்க வேண்டாம்.
கீழே துறைமுகம், பளுதூக்கிகள்,
யாருக்கோ ஊதிக்கொண்டிருந்த ஒரு கப்பல்.
ஒருவரும் வாய் திறக்கவில்லை.

"பூனைகளுக்குப் பசி," என்றான் அமாரோ.

முதலில் மாமா ரூதெசிந்தோ,
அடக்கப் பார்த்து முடியாமல்.
பிறகு எல்லாரும்.
சவப்பெட்டியும் குலுங்கியது,
வெளியிலிருந்தா உள்ளிருந்தா என்று
என்னால் சொல்ல முடியவில்லை.

நானும்தான் சிரித்தேன்.
இரவு பாத்திரம் தேய்க்கையில்
சோப்புத் தண்ணீர் சுரீரென்றது.
பெட்டியின் கைப்பிடியை எவ்வளவு நேரம் பிடித்திருந்தேனோ,
உள்ளங்கையின் குறுக்கே சிவப்பாக ஒரு கோடு.

குழாயை மூடவில்லை.
இந்த மாதப் பில்லை
நான் கட்டிக்கொள்கிறேன், அம்மா.